நான் திருத்திய முதல் வரி

வருஷா வருஷம் ஜூனில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாள், மதியச் சோறு முடிந்த கையோடு நான் கம்ப்யூட்டர் அறைக்குப் போவேன். கறுப்புத் திரையைத் திறப்பேன். ஒரு புள்ளி, அதை ஒட்டி ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ஒரு பெயர் என்று அடித்து என்டரைத் தட்டுவேன். நாலைந்து நொடியில் என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக ஓடி முடியும். பக்கத்தில் நிற்கும் புது டீச்சர்மார், "தமிழ் டீச்சருக்கு லினக்ஸ் எல்லாம் அறியுமோ!" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்கு லினக்ஸ் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு வரி தெரியும். அதைக் கற்றுக்கொண்ட கதையில் நான் பட்ட அவமானம் ஒரு பங்கு என்றால், இன்னொருத்தி எனக்காகப் பட்ட பாடு பத்துப் பங்கு. அவளுக்கு வாயால் நன்றி சொல்லிவிட்டேன். போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறவள் நான். ஊர் திருநெல்வேலிப் பக்கம். பரீட்சை எழுதி வேலை கிடைத்து இங்கே வந்தவள், இங்கேயே நரைத்துவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் கழக்கூட்டத்தில் கட்டடம் கட்டுகிறவர்கள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள், ஹோட்டலில் புரோட்டா அடிக்கிறவர்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். இரண்டுக்கும் நடுவில் என் வகுப்பு இருக்கிறது.

இந்த ஊர்ப் பள்ளிகளில் ஆறாவது வேலைநாளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் கணக்கில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான், அந்த வருஷம் ஒரு பள்ளிக்கு எத்தனை வகுப்பு, எத்தனை வாத்தியார் என்று மேலே முடிவு செய்வார்கள். ஏழாவது நாள் வகுப்பு நிறைய பிள்ளைகள் வந்து நின்றாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் தமிழ் வகுப்பு வருஷா வருஷம் விளிம்பில்தான் நிற்கும். ஒரு தலை குறைந்தால் டிவிஷன் போயிற்று. எனக்கு வேறு எங்காவது ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். பிள்ளைகளை மலையாள வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். பேசத் தெரிந்தாலும் எழுத்துத் தெரியாது, பாவம், ஒரு வருஷம் முழுக்க கரும்பலகையைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

இதில் எங்கள் ஆட்களுடைய வழக்கம் வேறு. வைகாசியில் எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பள்ளி திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன, கொடை முடிந்து கிடாச் சோறு உண்ணாமல் ஒரு குடும்பமும் ரயிலேறாது. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும்தான், கையில் காப்புக்கயிறும் நெற்றியில் மஞ்சளுமாகப் பிள்ளைகள் வந்து இறங்கும். தம்பானூர் ஸ்டேஷனில் காலை வண்டி தாமதம் என்றால் வகுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் கதை இல்லை. எனக்குத் திருத்துகிற வியாதி. எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடும். சாப்பாட்டுக் கடைப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, பேருந்தில் ஒட்டிய நோட்டீஸ் ஒன்றும் தப்பாது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் ஒன்பது பிழை கண்டுபிடித்து, வட்டம் போட்டுப் பெண்ணின் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கல்யாணத்தில் எனக்கு இரண்டாம் பந்தியில்தான் இடம் கிடைத்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

இனி அவளைப் பற்றி. அவள் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பும் அவளுக்குத்தான். இங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்கள் எல்லாமே லினக்ஸ்தான். அவள் பிறந்தது போனக்காடு எஸ்டேட்டில், தேயிலை பறிக்க வந்த தமிழ்க் குடும்பத்தில். படித்த பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. அதனால் முழுக்க மலையாளத்தில் படித்தவள். அப்புறம் மலைக்குக் கீழே கல்லாறில் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் அங்கே ஆற்றோரம் டீக்கடை வைத்திருக்கிறார். வாரநாட்களில் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்குவாள்.

"எனக்கு தமிழ் வாயில உண்டு டீச்சரே, கையிலதான் இல்ல" என்பாள்.

வாயில் இருந்த தமிழும் பாதி மலையாளம். நான் சும்மா இருப்பேனா? "அறியும் இல்லம்மா, தெரியும்", "நோக்கினேன் இல்ல, பாத்தேன்" என்று ஆசிரியர் அறையில் பத்துப் பேர் நடுவே திருத்திக்கொண்டே இருப்பேன். அவளுக்கு என் மகள் வயது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "சாரமில்ல டீச்சரே, சொல்லித் தாங்க" என்று சிரித்துவிட்டுப் போவாள். பெரிய உபகாரம் செய்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு புது உத்தரவு வந்தது. பிள்ளைகளின் விவரத்தோடு புகைப்படமும் ஏற்ற வேண்டும். படம் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும், கொஞ்சம் பெரிதானாலும் தளம் ஏற்றுக்கொள்ளாது. படம் ஏறாத பிள்ளை கணக்கில் இல்லை. நாம் போனில் எடுக்கிற படமோ யானைப் பருமன். ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கினால் ஒரு நாள் போதாது.

அவளுக்கு மே மாதக் கடைசியில் பிரசவத் தேதி. ஏப்ரலில், பள்ளி மூடும் சமயம், நிறைவயிற்றோடு என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"ஜூன்ல நான் இருக்க மாட்டேன். அதனால ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன். போட்டோ எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போடுங்க. பின்ன இந்த டெர்மினல்ல அதுக்க பேர அடிச்சா மதி, அது போதும். எல்லாத்தையும் அது சிறுசாக்கித் தரும், கேட்டோ."

"டெர்மினல்னா இந்தக் கறுப்புச் சனியனா?" என்றேன்.

"பேடிக்காதீங்க. நான் எழுதித் தாறேன்."

எழுதியும் தந்தாள். ஒரு நோட்டுத் தாளில், தமிழில். கையில் தமிழ் இல்லாதவள் எப்படி எழுதினாள் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. யாரிடமோ கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக வரைந்திருக்கிறாள். ஐந்து வரி, ஆறு பிழை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சிவப்புப் பேனாவை எடுத்து ஆறையும் வட்டம் போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது.

மே முடியும் தறுவாயில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று தகவல் வந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். ஜூனில் மழையோடு பள்ளி திறந்தது.

ஆறாம் நாள் காலை. கடைசி மூன்று பிள்ளைகள் ஸ்டேஷனிலிருந்து நேராக வகுப்புக்கே வந்தார்கள், பையோடும் பட்சணத்தோடும். எண்ணிப் பார்த்தேன். குறைவு இல்லை, ஒரு தலை கூடுதலும் இல்லை, சரியாக விளிம்பு. உயிர் வந்தது. எல்லாரையும் வராந்தாச் சுவரில் நிறுத்திப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து முடிக்கும்போது மதியம் மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள்.

தாளில் முதலில் ஃபோல்டரைத் திறக்கச் சொல்லியிருந்தது. திறந்தேன். அவள் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே கிடந்தது. பெயர் 'செறுதாக்கு', ஆங்கில எழுத்தில். மலையாளத்தில் சிறிதாக்கு என்று அர்த்தம். அதைத் தொடச் சொல்லி தாளில் இல்லை. ஆனால் கோப்பு என்று ஒன்றைக் கண்டால் இரண்டு தட்டுத் தட்டித் திறப்பதுதானே நம் வழக்கம். தட்டினேன். அது ஓடவில்லை. எழுத்தாக விரிந்தது.

எழுத்தைக் கண்டதும் என் வியாதி எழுந்து உட்கார்ந்தது. முதல் வரியைப் பார்த்தேன். ஒரு சதுரக்கட்டம் போன்ற குறி, அதை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி, பிறகு மூன்று சாய்கோடும் துண்டு ஆங்கிலமும். #! என்று ஆரம்பிக்கிற வாக்கியம் உலகத்தில் உண்டா? ஆச்சரியக்குறி வாக்கியத்தின் முடிவில் வர வேண்டும் என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். நிறைமாதக்காரி, அசதியில் விரல் பட்டிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியை மட்டும் சுத்தமாகத் துடைத்து, சேமித்து மூடினேன். கீழே சில வரிகள் உள்தள்ளி இருந்தன. பத்தி பிரித்திருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். அதையும் நேராக்கியிருந்தால் என் கதி அதோகதி என்று பிறகுதான் தெரிந்தது.

டெர்மினலைத் திறந்தேன். தாளில் கண்டபடி ஃபோல்டருக்குள் போனேன். 'செறுதாக்கு' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. கண்ணெதிரே கிடக்கிறது, இல்லை என்கிறதே என்று எரிச்சல் வந்தது. தாளை மறுபடி பார்த்தேன். பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டிருந்தாள். புள்ளியை நான் மைத்துளி என்று நினைத்து வட்டம் போட்டிருந்தேன். இந்த முறை இரண்டையும் சேர்த்து அடித்து என்டரைத் தட்டினேன்.

பீப் என்று ஒரு சத்தம். மவுசின் அம்புக்குறி ஒரு கூட்டல் குறியாக மாறியது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நிமிஷம் ஓடியது. பொறுமை இழந்து மவுசால் திரையில் ஒரு தட்டு தட்டினேன். பீப் பீப். மறுபடி கூட்டல் குறி. மறுபடி தட்டினேன். அப்புறம் ஆங்கிலத்தில் ஏதோ பிழை என்று இரண்டு வரி வந்து நின்றது. சிறிதான படம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, ஃபோல்டரில் நான் வைக்காத இரண்டு கோப்புகள் புதிதாக முளைத்திருந்தன. ஒன்றின் பெயர் os. திறந்து பார்த்தால், நான் முழித்துக்கொண்டிருந்த அதே கறுப்பு ஜன்னல், படமாக.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடக் குரங்கு என்று தெரியும். இது என்ன என்றே தெரியவில்லை. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் இதே கூத்து. மணி இரண்டரை. அவளுக்குப் போன் போட்டேன். 'பரிதிக்குப் புறத்து', அதாவது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண் சொன்னாள். நாலு தரம் போட்டேன், நாலு தரமும் அதே பெண். கடைசியில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "ஏம்மா, உங்க செறுதாக்கு கம்ப்யூட்டரையே கெடுத்துப் போட்டுது. கூட்டல் கூட்டலா வருது. os-னு என்னவோ வந்து கெடக்கு. என்ன எழுதி வச்சீங்க நீங்க?" இதுதான் அந்தச் செய்தி. ஒரு 'தயவுசெய்து' கூட இல்லை.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "எந்தாயி டீச்சரே?" என்றார். ஆயிற்று, ஆகிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்துப் பள்ளிகளில் தெரிந்தவர்களைக் கேட்டேன், அவரவர்க்கு அவரவர் ஆறாம் நாள். ஒவ்வொரு படமாகக் கையால் சுருக்க ஆரம்பித்தேன். அரை மணியில் நாலு முடித்தேன். என் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டீச்சர், எங்க போட்டோ வந்துட்டா?" என்று கேட்டார்கள். கத்தி விரட்டினேன். விரட்டிவிட்டு, அவர்கள் முகத்தை நினைத்து அழுகை வந்தது. கொடை முடிந்த கையோடு ஓடி வந்த பிள்ளைகள். வந்ததும் வீணாகிவிடுமோ என்று பயந்தேன்.

மூன்று மணி தாண்டிப் போன் அடித்தது. அவள்தான்.

"டீச்சரே, மெசேஜ் கேட்டேன். பேடிக்க வேண்டாம், கம்ப்யூட்டர் ஒண்ணும் கெடல." பேச்சுக்குப் பின்னால் ஒரே தண்ணீர்ச் சத்தம். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வாளி நிரப்புகிறார்கள் போல இருந்தது.

"ஒண்ணும் கேக்கலம்மா! முதல்ல அந்தப் பைப்ப அடைச்சிட்டுப் பேசுங்க!" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில்.

"ஷரி, ஒரு மினிட்" என்றாள். சத்தம் மெதுவாகக் குறைந்தது.

"ஆங், இப்பதான் கேக்குது. சொல்லுங்க."

"அந்த ஸ்கிரிப்ட்டத் திறந்து முதல் வரி என்னன்னு வாசிங்க."

வாசித்தேன். 'import os' என்று இருந்தது, அவள் எழுதிய இரண்டாவது வரி அது.

"அதுக்கு மேல?"

"மேல ஒண்ணும் இல்ல."

"ஒரு ஹாஷும் ஆச்சரியக்குறியும் இருந்துதே?"

"அது... பிழைனு நெனச்சுத் திருத்திட்டேன்."

சிரித்தாள். அத்தனை அவசரத்திலும் சிரித்தாள். நடுவில் "அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டது போல ஒரு சத்தம். "சிரிப்பிக்காதீங்க டீச்சரே, தையல் வலிக்கும்" என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "os-னு ஃபைல் வந்துதுன்னு சொன்னப்பவே தெரிஞ்சுது. நீங்க லெட்டர் எழுதச் சொல்லிக் குடுப்பீங்கல்லே, முதல்ல பெறுநர்னு? அந்த வரி அதுதான். பைதான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை உண்டு, இத அதுதான் வாசிக்கணும்னு அதுல எழுதியிருக்கும். அது இல்லேன்னா டெர்மினல் தானே வாசிக்க நோக்கும். அதுக்கு மனசிலாகாது. import-னு கண்டா, அந்தப் பேர்ல தனக்குத் தெரிஞ்ச வேலையச் செய்யும். திரையப் போட்டோ எடுத்து வச்சிருக்கும்."

முப்பது வருஷமாகக் கடிதத்தில் பெறுநர் எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்தவள் நான். முகவரியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தபால்காரனைத் திட்டியிருக்கிறேன்.

"நான் சொல்லுறேன், நீங்க எழுதுங்க" என்றாள். சொல்வதை எழுதுதல். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எழுதுகிற பக்கம் இருந்தேன். ஹாஷ். ஆச்சரியக்குறி. சாய்கோடு. யு, எஸ், ஆர்.

"யூசர்னா நடுவுல ஒரு ஈ வரணுமேம்மா?"

"டீச்சரே! திருத்தாதீங்க!"

கையைக் கட்டிக்கொண்டேன். சாய்கோடு, பின், சாய்கோடு, ஈ என் வி, ஓர் இடம், பைதான் மூன்று. அவள் ஒரு தரம் சொல்ல, நான் அடிக்க, திரும்ப ஒவ்வொரு குறியாகச் சொல்லிக் காட்ட, "ம்" போட்டாள். சேமித்தேன்.

"இனி புள்ளி, சாய்கோடு, பேரு. புள்ளி எதுக்குன்னு தெரியுமா? இங்கேன்னு அர்த்தம். இங்க இருக்கிறதுதான் வேணும்னு சொல்லணும். இல்லேன்னா அது ஊரெல்லாம் தேடும், முன்னால நிக்கிறத நோக்காது."

என்டரைத் தட்டினேன். கூட்டல் குறி வரவில்லை. திரையில் ஒரு பெயர் வந்தது. பிறகு இன்னொன்று. கொடையிலிருந்து காலையில் வந்த மூன்று பேரும் அடுத்தடுத்து வந்தார்கள். பெயர்கள் மேலே மேலே ஏறிப்போய், கடைசிப் பெயர் வந்து, திரை அமைதியானது. ஃபோல்டரில் எல்லாப் படமும் சிறிதாகி, ஒழுங்காக நின்றது. நான் பிள்ளைகளை எண்ணுவதுபோல விரல் வைத்து எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.

"வந்துட்டு, வந்துட்டு!" என்று கத்தினேன்.

"அப்போ ஏத்துங்க, நேரமில்ல. நான் வைக்கட்டா?" என்றாள். நான் "ம்" என்று சொல்லிவிட்டுத் தளத்தைத் திறக்கத் திரும்பிவிட்டேன். நன்றி சொல்லத் தோன்றவே இல்லை. நாலே முக்காலுக்குக் கடைசிப் பிள்ளையின் படம் ஏறியது. தலைமையாசிரியர் வந்து எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். தமிழ் டிவிஷன் நின்றது. மறுநாள் என் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

குழந்தையைப் பார்க்க ஒரு மாதம் கழித்துத்தான் போக முடிந்தது. தம்பானூரில் ஆனவண்டி என்று இங்கே சொல்கிற அரசுப் பேருந்து ஏறி, நெடுமங்காடு, விதுரை தாண்டி, கல்லாறில் இறங்கினேன். பாலத்தை ஒட்டி அவள் கணவரின் டீக்கடை. பக்கத்தில் ஒரு பேருந்து நிழற்குடை. கீழே ஆறு, மழைக்காலத்து ஆறு, பாறையில் மோதிப் பேச்சே கேட்கவிடாத சத்தம். அவர் ஒரு டீயைக் கையில் கொடுத்து, "வீடு மேலே ஆணு" என்று கை காட்டினார். ஏறினேன். கல்லை வெட்டிப் போட்ட படிகள், பாசி பிடித்தவை, கைப்பிடி கிடையாது. இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

குழந்தைக்குக் கொலுசு போட்டு, மடியில் வைத்துக் கொஞ்சி முடித்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லப் போனை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை.

"இங்க ரேஞ்ச் கிடையாது டீச்சரே. கீழ பாலத்துக்குப் போனாத்தான் கிட்டும்" என்றாள்.

"அன்னைக்கு எங்கே இருந்து பேசினே?" என்றேன். நீங்க போய் நீ வந்துவிட்டது.

"கீழதான். ஆறாம் நாளாச்சே, டீச்சர் ஒத்தைக்கு என்ன செய்வாங்களோன்னு இருந்துது. சும்மா ஒரு தடவ போன நோக்கிட்டு வரலாம்னு எறங்கினேன். அப்பதான் மெசேஜ் வந்து கெடந்துது."

நான் அழைத்து அவள் வரவில்லை. என் அழைப்பு ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. வயிற்றில் தையல் காயாதவள், நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறின படிகளில், தானாக நினைத்து இறங்கியிருக்கிறாள். தமிழ் வகுப்பே கிடைக்காமல் படித்தவள், என் தமிழ் வகுப்புக்காக.

"அப்போ அந்தச் சத்தம்..." என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "நீங்க பைப்ப அடைக்கச் சொன்னீங்க. நான் ஆத்தப் பாத்தேன். இத எப்படி அடைக்க? நிழற்குடைக்குள்ள நின்னாத்தான் அந்தச் சத்தம் எதிரொலிக்கும். அதான் கொஞ்சம் மேல, ரோட்டுக்கு ஏறி நின்னேன்."

"அன்னைக்கு மழை பெஞ்சுதுல்லா?"

"மழைதான். அவரும் குழந்தையத் தூக்கிட்டு கூட வந்தாரு, குடை அவருக்க கையில, குழந்தைக்கு. சாரமில்ல டீச்சரே, போன ஒரு துண்டுக்குள்ள வச்சுக்கிட்டேன்."

ஹாஷ், ஆச்சரியக்குறி, சாய்கோடு என்று ஒவ்வொரு குறியாக அவள் சொன்னதெல்லாம் அந்த மழையில் நின்று. யூசருக்கு ஈ வேண்டும் என்று நான் வழக்காடியதும் அதே மழையில். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றிம்மா, ரொம்ப நன்றி" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வாயால் சொல்கிற பழக்கம் இல்லை. கட்டுரையில் எழுதவைப்பதோடு சரி. சொன்னதும் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

திரும்பும்போது பேருந்துக்காக அந்த நிழற்குடையில் நின்றேன். அன்றும் தூறல் இருந்தது. ஆற்றின் சத்தம் கூரைக்குள் நிறைந்து அடித்தது. வெளியே வந்து மேலே ரோட்டுக்கு ஏறிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், சத்தம் குறைந்தது. மழை நேராகத் தலையில் விழுந்தது. இந்த இடத்துக்கு அவள் வந்து நின்றபோதுதான், "ஆங், இப்பதான் கேக்குது" என்று நான் சொல்லியிருக்கிறேன். பேருந்து வரும்வரை அங்கேயே நின்றேன்.